அளக்காத இடத்தின் அளவு

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு இயற்பியல் மாணவர் நால்வர் தம் செயல்திட்டத்துக்காகக் குடிநீரில் கலந்துள்ள ஃபுளோரைடின் அளவை ஆராய்ந்தனர். ஓர் ஒன்றியத்தின் சில ஊர்களில் கைப்பம்புகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர் எடுத்து, ஆய்வகத்தில் சோதித்து, முடிவுகளை வரைபட மென்பொருள் ஒன்றில் கொடுத்தார்கள். கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பெறலாம். சில நொடிகளில் ஒன்றியம் முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என வண்ணங்கள் பரவிய அழகான படம் திரையில் வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள பகுதி சிவப்பு. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் கறை விழும். பல்லாண்டுகள் குடித்தால் எலும்பையும் தாக்கும்.

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, "சார், எங்க ஊரு சிவப்புல இருக்கு. ஆனா எங்க ஊர்ல நாம தண்ணியே எடுக்கலையே?" என்றாள்.

"பக்கத்து ஊர் அளவுகளை வச்சு அதுவே கணக்குப் போட்டிருக்கும்மா" என்றேன்.

"என்ன கணக்கு சார்?"

அதற்கு மேல் என்னிடம் விடை இல்லை. ஐ.டி.டபிள்யூ. என்று பெயரிட்ட ஒரு கட்டளையைத் தேர்ந்தெடுத்தால் படம் வரும் என்பதே எனக்குத் தெரிந்திருந்தது. படத்தை ஊராட்சித் தலைவரிடம் கொடுப்பதாக மாணவர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். யாரும் அளந்து பார்க்காத ஓர் ஊரின் மீது சிவப்பு பூசிக் கொடுக்கலாமா? அந்த ஊரில் பெண் கொடுப்போரும் மனை வாங்குவோரும் அந்தப் படத்தைப் பார்க்கமாட்டார்களா? விடை தேடிப் புறப்பட்ட எனக்குக் கிடைத்தது ஒரு வரலாறு. அதன் நடுவில் நிற்பவரும் ஒரு கல்லூரி மாணவர்தான். அதுவும் முதலாண்டு மாணவர்.

ஹாலி வரையாமல் விட்ட கடல்

சில இடங்களில் அளந்து, அளக்காத இடங்களுக்கும் சேர்த்துப் படம் வரைவது கணிப்பொறிக்கு மிக முந்திய பழக்கம். வால்மீனால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி 1698 முதல் 1700 வரை பாரமூர் என்னும் சிறு கப்பலில் அட்லாண்டிக் பெருங்கடலைச் சுற்றினார். காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை, அதாவது காந்த ஒதுக்கத்தை, இடத்துக்கு இடம் அளந்து குறித்தார். 1701-இல் வெளியிட்ட படத்தில், ஒதுக்கம் சமமாக உள்ள இடங்களை வளைகோடுகளால் இணைத்தார். கப்பல் போன வழி ஒரு மெல்லிய கோடுதான். இருபுறமும் பரந்து கிடந்த கடலில் ஹாலி எதையும் அளக்கவில்லை. கோடு அங்கே எப்படி வளையும் என்பதைத் தம் அறிவைக் கொண்டே முடிவு செய்தார்.

அடுத்த ஆண்டு உலகப் படத்தை வெளியிட்டபோது அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பசிபிக் பெருங்கடலுக்கு நம்பத்தகுந்த அளவீடுகள் அவரிடம் இல்லை. எனவே அங்கே கோடுகளை வரையாமல் விட்டுவிட்டார். உலகின் மிகப் பெரிய கடல் அவர் படத்தில் வெறுமையாகக் கிடந்தது.

கையால் வரைபவருக்கு இந்த வசதி உண்டு. தெரியாத இடம் வந்ததும் பேனாவை எடுத்துவிடலாம். பின்னர் வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் இத்தகைய கோடுகளை வரைந்தவர்களும் இவ்வாறே, தெரிந்ததையும் ஊகத்தையும் கையாலேயே கலந்து வரைந்தார்கள். எது அளந்தது, எது ஊகித்தது என்பது வரைந்தவர் மனத்தில் இருந்தது. கணிப்பொறியிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும் என்று வந்தபோது, அந்த ஊகத்தை எண்ணாக எழுத வேண்டிய கட்டாயம் பிறந்தது.

அறுபது வயதில் ஒரு தொடக்கம்

ஹாவர்ட் ஃபிஷர் 1903-இல் பிறந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர். தொழிற்சாலையில் பகுதி பகுதியாகச் செய்து, மனையில் கொண்டுவந்து பொருத்தும் வீடுகளுக்காக 1932-இல் ஒரு நிறுவனம் தொடங்கியவர். கணிதமோ நிலவியலோ படித்தவர் அல்லர். 1963-இல் சிகாகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்கர் ஹார்வுட் கணிப்பொறியின் அச்சுப்பொறியைக் கொண்டு உருவாக்கிய வரைபடங்களைக் காட்டினார். ஃபிஷர் அவற்றைப் பார்த்தார். இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு வயது அறுபது.

அவர் மனத்தில் இருந்ததை ஃபார்ட்ரான் மொழியில் நிரலாக எழுதிக் கொடுத்தவர் பெட்டி பென்சன் என்னும் பெண்மணி. இந்த வரலாற்றைச் சொல்வோர் பலர் அவர் பெயரை விட்டுவிடுகிறார்கள் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். 1964-இல் உருவான அந்த நிரலுக்கு சைமேப் என்று பெயர். 1965-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியில் கணிப்பொறி வரைகலை ஆய்வகத்தை ஃபிஷர் தொடங்கினார்.

இன்றைய மாணவருக்குச் சைமேப்பின் படம் வேடிக்கையாகத் தோன்றும். அக்காலக் கணிப்பொறியில் வண்ணம் காட்டும் திரை கிடையாது. இருந்தது வரி அச்சுப்பொறி ஒன்றே. அது எழுத்துகளை மட்டும் அடிக்கும், அதுவும் வரி வரியாக. ஃபிஷரின் நிரல் அந்த எழுத்துகளையே தூரிகையாக்கியது. குறைந்த மதிப்பு உள்ள இடத்தில் ஒரு புள்ளி; சற்றுக் கூடினால் ஒரு கூட்டல் குறி; மேலும் கூடினால் கருமை மிகுந்த எழுத்து. மிகக் கருமையாக வேண்டுமானால் தாளை நகர்த்தாமல் அதே இடத்தில் ஓ, எக்ஸ், ஏ, வி என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தது. எட்டி நின்று பார்த்தால் வெளுப்பிலிருந்து கறுப்பு வரை நிழல்கள் படிந்த வரைபடம். கிட்டே வந்தால் எழுத்துக் குவியல்.

கட்டங்களும் சதுரமாக இல்லை. பக்கவாட்டில் அங்குலத்துக்குப் பத்து எழுத்து; கீழ்நோக்கி அங்குலத்துக்கு ஆறு வரி அல்லது எட்டு வரி. இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். தாளின் அகலம் போதாத பெரிய படங்களைப் பட்டை பட்டையாக அச்சிட்டு ஒட்டினார்கள்.

படத்துக்குத் தேவையான செய்திகளைத் துளை அட்டைகளில் கொடுக்க வேண்டும். மாணவர் முதலில் ஒரு சாதாரண வரைபடத்தை மேசைமேல் விரித்து, அளவுகோலை வைத்து, எல்லைக்கோட்டின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் இடது மேல் மூலையிலிருந்து கீழே எவ்வளவு, குறுக்கே எவ்வளவு என்று அளந்து எழுதுவார். எல்லைக்கு ஒரு கட்டு அட்டை. அளவெடுத்த புள்ளிகளின் இடங்களுக்கு ஒரு கட்டு. அப்புள்ளிகளின் மதிப்புகளுக்குத் தனியாக ஒரு கட்டு. படம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு கட்டு. கட்டு முடிந்தது என்பதற்கு அடையாளமாக 99999 என்று துளையிட்ட ஓர் அட்டை. இடத்தையும் மதிப்பையும் வெவ்வேறு கட்டுகளில் வைத்ததில் நல்ல பயன் இருந்தது. ஒரு முறை இடங்களை அளந்துவிட்டால், மதிப்புக் கட்டை மட்டும் மாற்றி மக்கள்தொகை, வருமானம், மழை என்று எத்தனை படங்கள் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அட்டைகளைக் கணிப்பொறி மையத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓர் அட்டையில் ஓர் எண் பிழையானாலும் எல்லைக்கோடு படத்தின் குறுக்கே பாய்ந்து ஓடும். திருத்தி மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். இவ்வளவு பாடு பட்டவர் ஒவ்வோர் எண்ணையும் தம் கையால் தொட்டிருப்பார். அளந்த இடம் எது என்று அவருக்கு மறக்காது. இந்த ஒன்றில் மட்டும் அவர்கள் நம்மைவிட நல்ல நிலையில் இருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஆய்வகம் சைமேப்பை வேண்டியவர்களுக்கெல்லாம் வழங்கியது. அஞ்சல்வழிப் பாடமாகக்கூடக் கற்பித்தது. ஆய்வகத்துக்குள் அதை முதலில் பயன்படுத்தியவர்களில் கார்ல் ஸ்டைனிட்ஸ் குறிப்பிடத்தக்கவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1965-இல் ஒரு மதிய உணவின்போது ஃபிஷரைச் சந்தித்தார். பாஸ்டன் நகரின் நடுப்பகுதியில் சில இடங்கள் மக்கள் மனத்தில் நன்கு பதிகின்றன, சில பதிவதில்லை. ஏன் என்பதே அவர் ஆய்வுப் பொருள். சைமேப் அதற்கு உதவியது. பின்னர் ஹார்வர்டில் ஆசிரியரானதும் தம் மாணவர்களைக் கொண்டு 1966-67-இல் டெல்மார்வா தீபகற்பம் முழுவதையும் ஆராய்ந்தார். டெலவர், மேரிலாந்து, வர்ஜீனியா என்னும் மூன்று மாநிலங்கள் பங்கிட்டுக்கொண்டுள்ள நிலப்பகுதி அது. அதன் நிலவளர்ச்சி எங்கே நிகழலாம், எங்கே கூடாது என்பதை மாணவர்கள் எழுத்துகளால் அச்சான வரைபடங்களைக் கொண்டு மதிப்பிட்டார்கள். இன்று உலகெங்கும் கல்லூரிகளில் நடக்கும் வரைபடச் செயல்திட்டங்களுக்கு இதை ஒரு முன்னோடி எனலாம்.

முதலாண்டு மாணவர் கண்ட குறை

இனி நம் கதைநாயகர். ஹார்வர்டின் முதலாண்டு மாணவர்களுக்கும் ஃபிஷர் தம் பணியைக் காட்டிவந்தார். பலர் ஆய்வகத்துக்கு வந்து போனார்கள். அவர்களில் ஒருவர் டொனால்ட் ஷெப்பர்ட். அளந்த புள்ளிகளுக்கு நடுவே உள்ள கட்டங்களுக்கு மதிப்புக் காணும் பகுதியை, அதாவது இடைச்செருகலை, சைமேப் செய்த விதம் ஃபிஷருக்கும் நிறைவளிக்கவில்லை. ஷெப்பர்ட் அந்தப் பகுதியை அடியோடு மாற்றி எழுத முனைந்தார்.

அவருடைய அடிப்படைக் கருத்து எளியது. நமக்கு வேண்டிய இடத்தின் மதிப்பு, சுற்றியுள்ள அளவீடுகளின் நிறையிட்ட சராசரி. பக்கத்தில் உள்ள அளவீட்டுக்கு அதிக நிறை. தொலைவில் உள்ளதற்குக் குறைந்த நிறை. பக்கத்துப் பொருள்கள் தொலைவிலுள்ளவற்றைவிட ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பது இதன் அடியில் உள்ள நம்பிக்கை. 1970-இல் வால்டோ டோப்ளர் என்னும் அறிஞர் இதையே நிலவியலின் முதல் விதி என்று குறிப்பிட்டார்.

தொலைவு கூடக் கூட நிறை எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும்? இங்கேதான் இயற்பியல் நுழைகிறது. ஆய்வகத்தில் இருந்த வில்லியம் வார்ன்ட்ஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வானியலாளர் ஜான் குவின்சி ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து உழைத்தவர். ஸ்டூவர்ட் ஒரு விந்தையான ஆராய்ச்சி செய்திருந்தார். பிரின்ஸ்டனில் படித்த மாணவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கணக்கெடுத்தபோது, ஓர் இடத்திலிருந்து வருவோர் தொகை அந்த இடத்தின் மக்கள்தொகைக்கு நேர்விகிதத்திலும், தொலைவுக்கு எதிர்விகிதத்திலும் இருப்பதைக் கண்டார். 1941-இல் இதை வெளியிட்டார். ஈர்ப்பு ஆற்றலின் வாய்பாடு போலவே இருக்கிறதல்லவா? மக்கள்தொகைக்கும் ஒரு மின்னழுத்தம் போன்ற அழுத்தம் உண்டென்று அவர் படம் வரைந்தார். மனிதர்களைக் கோள்கள்போல் எண்ணுவது எனக்குச் சற்று மிகையாகப் படுகிறது. ஆனால் அந்தச் சூழலில்தான் ஷெப்பர்ட் வேலை செய்தார்.

அவர் தொலைவின் அடுக்கைப் பலவாறு மாற்றிப் பார்த்தார். முடிவில் 2 என்று கொண்டார். அதாவது நிறை, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். நியூட்டனின் ஈர்ப்பு விதியும் கூலூமின் விதியும் நினைவுக்கு வரும். "அப்படியானால் இது இயற்கை விதியா?" என்று மாணவர் கேட்பது இயல்பு. ஷெப்பர்ட் தம் கட்டுரையில் காட்டும் காரணங்கள் அடக்கமானவை. அடுக்கு மிகுந்தால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் படம் மேசைபோல் தட்டையாகி, இடையில் செங்குத்தாக இறங்கும். அடுக்கு குறைந்தால், எங்கும் தட்டையாக இருந்து, புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் முள்போல் எழும். 2 என்பது பார்க்க ஏற்றதாக இருக்கிறது; கணக்கிடவும் எளிது. ஏன் எளிது? பித்தகோரஸ் தேற்றம் நமக்குத் தருவது தொலைவின் இருமடியை. தொலைவு வேண்டுமானால் வர்க்கமூலம் காண வேண்டும். அடுக்கு 2 என்றால் வர்க்கமூலமே தேவையில்லை. நூறு வரியும் வரிக்கு 130 கட்டமும் உள்ள படத்தில் கட்டத்துக்கு ஏழு புள்ளி வீதம் கணக்கிட்டால், 91,000 வர்க்கமூலங்கள் மிச்சம். அக்காலக் கணிப்பொறிக்கு அது சிறிய உதவி அன்று.

இந்தத் தேர்வு எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கரும்பலகைக் கணக்கு ஒன்றால் பார்ப்போம். ஓர் ஊரில் அளவீடு இல்லை. 1, 2, 4 கிலோமீட்டர் தொலைவுகளில் மூன்று கிணறுகள். அவற்றில் ஃபுளோரைடு முறையே 2.0, 1.0, 0.4 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுக்கு 2 எனில் நிறைகள் 1, 1/4, 1/16. முழு எண்ணாக்கினால் 16, 4, 1. சராசரி, 36.4-ஐ 21-ஆல் வகுத்தால் 1.73. ஊர் சிவப்பு. அடுக்கு 1 எனக் கொண்டால் நிறைகள் 4, 2, 1, சராசரி 10.4-ஐ 7-ஆல் வகுக்க 1.49. ஊர் 1.5-க்குக் கீழே வந்துவிட்டது, சிவப்பு நீங்கியது! அடுக்கு 3 எனில் 1.87. தொலைவையே பாராமல் வெறும் சராசரி எடுத்தால் 1.13. கிணற்றில் ஒரு சொட்டு நீரும் மாறவில்லை. வாய்பாட்டில் ஓர் எண் மாறியதும் ஊரின் வண்ணம் மாறுகிறது.

ஷெப்பர்ட் அத்தோடு நிற்கவில்லை என்பதுதான் அவருடைய சிறப்பு. எளிய வாய்பாட்டின் குறைகளைத் தாமே ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார்.

முதலாவது, எத்தனை புள்ளிகளைக் கேட்பது? எங்கோ இருக்கும் புள்ளிக்கும் சிறிது நிறை உண்டு. அத்தகையவை நூறு சேர்ந்தால் பக்கத்துப் புள்ளியை அமுக்கிவிடும். எனவே சராசரியாக ஏழு புள்ளிகள் அகப்படும்படி ஓர் ஆரத்தை வகுத்து, நான்குக்குக் குறையாமலும் பத்துக்கு மிகாமலும் பக்கத்துப் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அடுத்தது திசை. மேற்கே அருகருகே இரண்டு கிணறுகள், கிழக்கே அதே தொலைவில் ஒரே கிணறு என்று எண்ணிப் பாருங்கள். மேற்கிலுள்ள இரண்டும் ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஆனால் எளிய வாய்பாடு மேற்குக்கு இரண்டு ஓட்டுப் போடுகிறது. ஷெப்பர்ட் கோணத்தைக் கொண்டுவந்தார். நமக்கு வேண்டிய இடத்தில் நின்று இரு புள்ளிகளையும் பார்க்கும்போது உண்டாகும் கோணத்தின் கொசைனை 1-லிருந்து கழித்தால், இரண்டும் ஒரே திசையில் இருக்கையில் 0. எதிரெதிர்த் திசையில் இருக்கையில் 2. இதைக் கொண்டு, மற்றப் புள்ளிகளின் நிழலில் நிற்கும் புள்ளிக்கு நிறையைக் குறைத்தார். கொசைனை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய இடம் பாடநூலில்கூட அதிகம் இல்லை.

மூன்றாவது குறை சற்று நுட்பமானது. எந்தச் சராசரியும், சேர்ந்தவற்றுள் மிகப் பெரியதைத் தாண்டாது. மிகச் சிறியதற்குக் கீழேயும் போகாது. எனவே மலையின் உச்சியில் யாரும் அளக்காவிட்டால், படத்தில் அந்த உச்சி தோன்றவே தோன்றாது. அளந்த புள்ளிகள் மட்டுமே முகடுகளாகவும் பள்ளங்களாகவும் நிற்கும். ஒவ்வொரு புள்ளியிலும் படத்தின் சரிவு பூச்சியமாகிவிடும். குளத்தில் கல் விழுந்ததுபோல் கிணற்றைச் சுற்றி வண்ண வளையங்கள் எழுவது இதனால்தான். எங்கள் மாணவர்களின் படத்திலும் அவ்வளையங்கள் இருந்தன. ஃபுளோரைடு கிணற்றிலிருந்து பரவுகிறது என்று ஒரு மாணவர் அறிக்கையில் எழுதியேவிட்டார்! ஷெப்பர்ட் ஒவ்வொரு புள்ளியிலும் சரிவைத் தனியே மதிப்பிட்டு, அதை வாய்பாட்டில் சேர்த்து இக்குறையைச் சரிசெய்தார்.

கடைசியாகத் தடைகள். இரண்டு ஊர்கள் நேர்கோட்டில் பக்கத்தில் இருக்கலாம். நடுவே ஒரு விரிகுடாவோ மலைத்தொடரோ இருந்தால் ஒன்றின் அளவு மற்றொன்றைப் பற்றி என்ன சொல்லும்? சைமேப்பில் தடைக்கோடுகளைக் கொடுக்க இடம் செய்தார். ஒரு தடை, தகவலை முழுவதும் நிறுத்தலாம்; அல்லது சுற்றிக்கொண்டு போவதைப்போல் தொலைவைக் கூட்டிக் காட்டலாம்.

இவ்வளவையும் ஏ.சி.எம். எனப்படும் கணிப்பொறியியலார் சங்கத்தின் 1968-ஆம் ஆண்டு மாநாட்டில் எட்டே பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று அம்முறையே ஷெப்பர்ட் முறை என்று அவர் பெயரால் வழங்குகிறது. நிலவியலைத் தாண்டிப் பல துறைகளிலும் அது பயன்படுகிறது.

இன்னொரு மாணவர் கதையையும் இங்கே சேர்க்க வேண்டும். தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரீகே, தங்கச் சுரங்கங்களில் சில துளைகளின் அளவைக்கொண்டு இடைப்பட்ட பாறையில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று மதிப்பிடும் வழியை 1951-இல் தம் முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வேட்டில் ஆராய்ந்தார். பிரான்சு நாட்டின் ஜார்ஜ் மாத்தெரோன் அதைக் கணிதமாக விரித்து, கிரீகே பெயரையே அதற்கு இட்டார். அம்முறை மதிப்பைச் சொல்வதோடு, அந்த மதிப்பு எவ்வளவு தவறலாம் என்பதையும் இடத்துக்கு இடம் சொல்கிறது. அளந்த இடத்திலிருந்து விலக விலகப் பிழை கூடுவதைத் தனிப் படமாகவே போடலாம். ஷெப்பர்ட் முறையில் அந்த வசதி இல்லை. ஆனால் கிரீகே முறைக்கு அளவீடுகள் நிறைய வேண்டும். முப்பது நாற்பது கிணறுகளை வைத்துக்கொண்டு அதைச் செய்வது கடினம்.

ஃபிஷருக்குப்பின் 1968-இல் வார்ன்ட்ஸ் ஆய்வகத்தின் தலைவரானார். ஆய்வகத்தில் பணியாற்றிய மாணவர்களில் ஒருவரான ஜாக் டேஞ்சர்மாண்ட், 1969-இல் மனைவி லாராவோடு கலிஃபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் நகரில் தொடங்கிய நிறுவனம் எஸ்ரி என்னும் பெயரில் வரைபட மென்பொருள் துறையில் பெரிதாக வளர்ந்தது. ஃபிஷர் 1979-இல் காலமானார். ஆய்வகம் 1991-இல் மூடப்பட்டது. துளை அட்டையும் வரி அச்சுப்பொறியும் போயின. நிறையிட்ட சராசரி மட்டும் போகவில்லை. 2002-இல் தொடங்கிய கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளில் அது ஒரு கட்டளை. அதில் அடுக்கு என்ன என்று கேட்கும் பெட்டியில் நாம் எதுவும் எழுதாவிட்டால் இருப்பது 2. ஷெப்பர்ட் சேர்த்த திசைத் திருத்தமும் சரிவுத் திருத்தமும் தடைகளும் அந்தக் கட்டளையில் இல்லை. அவர் எதைக் குறை என்று கண்டு திருத்தினாரோ, அந்த எளிய வாய்பாடுதான் நம் கைக்கு வந்திருக்கிறது. அது எல்லாக் கட்டத்தையும் நிரப்பும். ஹாலியைப்போல் எந்தக் கடலையும் வெறுமையாக விடாது.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. பிறகு மாணவர்கள் அடுக்கை 1, 2, 3 என்று மாற்றி மூன்று படங்கள் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார்கள். மூன்றிலும் வண்ணம் மாறாத ஊர்கள் சில. மாறிய ஊர்கள் பல. மாணவியின் ஊர் மாறிய பட்டியலில் இருந்தது. நான்காவதாக ஒரு படம் செய்தார்கள். அளந்த கிணறுகளைக் கரும்புள்ளியாகக் குறித்து, அவற்றைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் மட்டும் வண்ணம் இட்டு, மற்ற இடங்களை வெள்ளையாக விட்டார்கள். படம் அம்மை வார்த்த முகம்போல் இருந்தது.

"இப்படி வெள்ளையா விட்டுக் கொடுத்தா, வேலையை முடிக்கலன்னு நினைப்பாங்க சார்" என்றார் ஒரு மாணவர்.

"முடிக்கலைதானே?" என்றாள் அந்த மாணவி.

அடுத்த திங்கட்கிழமை அவள் இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளோடு வந்தாள். கண்ணாடிப் புட்டி ஃபுளோரைடோடு வினைபுரியும் என்பதை மறக்கவில்லை. ஊரில் ஒரே தெருவின் இரு முனைகளில் உள்ள இரண்டு கைப்பம்புகளின் நீர் அவை. சோதித்தபோது ஒன்று 1-க்குக் கீழே, மற்றொன்று 1.5-ஐத் தாண்டியிருந்தது. கடினப் பாறைப் பகுதியில் நீர் வெடிப்புகளின் வழியே ஓடுகிறது. இரண்டு குழாய்கள் அடுத்தடுத்து இருந்தாலும் வெவ்வேறு ஆழத்தில் வெவ்வேறு வெடிப்பைத் தொட்டிருக்கலாம். பக்கத்தில் இருப்பவை ஒத்திருக்கும் என்னும் நம்பிக்கையே அங்கே தள்ளாடுகிறது. அந்த ஊருக்கு என்ன வண்ணம் என்று மாணவர்களுக்குள் வாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஊராட்சித் தலைவருக்கு இதுவரை போய்ச் சேர்ந்திருப்பது, எந்தக் கைப்பம்பில் எவ்வளவு என்று எழுதிய ஒரு பக்கப் பட்டியல் மட்டுமே.